முதலில் அண்ணன் வீட்டுத் தண்ணீர்

கேள்வி: மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டப் பட்டணத்தில் இருக்கிறேன். தோட்டத்து ஆபீசில் 27 வருடம் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் தமிழ்ச் சபையின் செயலாளர். பால்மரம் இருந்த காலத்தில் ஞாயிறு ஆராதனைக்கு 120 பேர் வருவார்கள். தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றி, ஒரு பக்கத்தைத் தாமான் குடியிருப்பு கட்ட விற்ற பிறகு இப்போது 38 பேர். சுற்றிலும் நம் தமிழர்கள்தான், இந்துக்கள். கைப்பிரதி கொடுத்தோம். ஒலிபெருக்கி கட்டி நற்செய்திக் கூட்டம் நடத்தினோம். இலவச டியூஷன் வைத்தோம். முதல் வாரம் 60 பிள்ளைகள் வந்தார்கள். பாட்டும் ஜெபமும் சேர்த்த பிறகு நாலு பேர். ஒரு தாய் வாசலில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். கோயில் கமிட்டிக்கும் எங்கள்மேல் கோபம். இப்போது எங்கள் இளம் போதகர் திடலில் பெரிய சுகமளிக்கும் கூட்டம் வைக்கலாம் என்கிறார். வேறு மதத்தாரிடம் ஒரு சபை எப்படித்தான் போய்ச் சேருவது? கோயில் கமிட்டியின் பொருளாளர் என் சொந்த அண்ணன். நான் ஞானஸ்நானம் எடுத்து 31 வருடம் ஆகிறது. அதன் பிறகு தீபாவளிக்கு அவர் வீட்டில் நான் கை நனைத்ததில்லை.

பதில்:

அன்புச் சகோதரி,

கேள்வியைக் கடிதத்தின் நடுவில் வைத்திருக்கிறீர்கள். விஷயம் கடைசி இரண்டு வரியில் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நீங்கள் செய்ததாக எழுதியிருக்கும் எல்லாவற்றையும் நானும் செய்திருக்கிறேன். பேராக்கிலும் கெடாவிலும் 30 வருடத்துக்கு மேல் போதகராக இருந்தவன். இளவயதில் மோட்டார் கூடையில் கைப்பிரதிகளைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு தோட்டத்துக் குடியிருப்பு வரிசைகளில் லயன் லயனாகச் சுற்றுவேன். ஒரு நாள் பசார் மாலாம் இரவுச் சந்தையில் கச்சாங் பூத்தே கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் என் கைப்பிரதி! தலைப்பில் எண்ணெய் ஊறிக் கிடந்தது. கடலைக்காரர்மேல் கோபம் வரவில்லை. அவராவது அதை ஒரு உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டாரே.

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் நூற்றுக்கு 86 பேர் இந்துக்கள், 6 பேர் கிறிஸ்தவர்கள். உங்கள் ஊரைச் சுற்றியிருக்கும் அந்த 86 பேர் யார்? உங்களோடு ஒரே ஆயாக் கொட்டகையில் தூங்கி, ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்து, ஒரே பெரட்டுக் களத்தில் அப்பா அம்மா வேலைக்குப் பேர் கொடுக்க வளர்ந்தவர்கள். அவர்களுக்கு இயேசுவைத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு கிளம்புகிறோம் பாருங்கள், அங்கேயே சறுக்கல். சாமி மேடையில் முருகனுக்குப் பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா படம் வைத்திருக்கும் வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜூலை 26-ஐ ஒட்டி புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். பொட்டு வைத்த அம்மாக்கள், சீனத்துப் பாட்டிகள், எல்லாரும் மெழுகுவர்த்தியோடு நிற்பார்கள். ஒருவரும் அவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை. இயேசுமேல் அவர்களுக்குப் பகை ஒன்றும் கிடையாது. சபைக்காரர்களைப் பார்த்தால்தான் கொஞ்சம் விலகி நடக்கிறார்கள்.

ஏன் என்று யோசிக்க, நம் சபைத் தமிழை ஒரு நாள் கட்டடத்துக்கு வெளியே நின்று கேளுங்கள். ‘ஆத்தும ஆதாயம்’ என்கிறோம். ஆதாயம் என்றால் ஊரில் எல்லாருக்கும் கடைக்காரர் லாபம்தான் ஞாபகம் வரும். ‘அறுவடை’ என்கிறோம், அறுக்கப்படுகிறவர் காதில் அது எப்படி விழும்? பழைய போதகர்கள் ‘அஞ்ஞானிகள்’ என்பார்கள். இப்போது கொஞ்சம் நாகரிகமாக ‘இரட்சிக்கப்படாதவர்கள்’. இன்னும் சிலர் மற்றவர் கும்பிடும் தெய்வத்தைப் பிசாசு என்றே சொல்வார்கள், அதுவும் மைக்கில். உங்கள் அண்ணி பின்வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டே இதையெல்லாம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் சபைச் சகோதரிகள் சிரித்த முகத்தோடு போய்க் கதவைத் தட்டினால் அவருக்கு என்ன தோன்றும்? ஆதாயத்துக்கு வந்திருக்கிறார்கள் என்றுதானே?

ஒலிபெருக்கியின் வாயை உள்பக்கம் திருப்புங்கள். சொற்களை அதற்கும் முன்னால் மாற்றுங்கள்.

1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு ஐயரைச் சபையில் எல்லாருக்கும் தெரியும், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர் என்று. அவர் செய்த இன்னொரு காரியத்தை நாம் பிரசங்கத்தில் சொல்வதில்லை. தமிழ் இந்துக்களிடம் அவர் கேள்வி எழுதி அனுப்பினார்: நீங்கள் எதை நம்புகிறீர்கள், எப்படி வணங்குகிறீர்கள், எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று. வந்த பதில் கடிதங்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஊருக்கு அனுப்பினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு புத்தகமே எழுதி அனுப்பினார். இந்த வேலைக்கா உன்னை அனுப்பினோம் என்கிற மாதிரி மேலிடம் அதை அச்சிடாமல் ஒதுக்கி வைத்தது. அது அச்சேறியது 1867-இல், அதுவும் சென்னையில். அவரும் மதம் மாற்றத்தான் வந்தவர், அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் அவருக்குக் கேட்கத் தெரிந்திருந்தது. உங்கள் சபையில் யாராவது கோயில் தலைவரிடம், “ஐயா, நாங்கள் செய்வதில் உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது?” என்று கேட்டதுண்டா?

டியூஷன் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் என்மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை, வாசலில் சத்தம் போட்ட அந்தத் தாய் பக்கம்தான் நியாயம். அவர் பிள்ளையைக் கணக்குப் படிக்க அனுப்பினார். பாட்டுப் பாட அனுப்பவில்லை. ஈப்போ இந்திரா காந்தி வழக்கு உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். 2009-இல் தகப்பன், தாய்க்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளையும் இஸ்லாத்துக்கு மதம் மாற்றிவிட்டார். அந்தத் தாய் வருடக்கணக்காகக் கோர்ட்டு வாசலில் நின்றார். 2018 ஜனவரி 29-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்த மாற்றம் செல்லாது, தாய் தகப்பன் இருவர் சம்மதமும் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அன்றைக்கு நம் சபைகளிலும் சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு நேர்மை வேண்டாமா? நாம் செய்தது அந்த அளவுக்கு இல்லைதான். ஆனால் தாய்க்குத் தெரியாமல் பிள்ளையின் வாயில் ஒரு ஜெபத்தை வைப்பது அதே பாதையில்தான் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் மதத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவு செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 12-ஆவது பிரிவும் சொல்கிறது.

ஆகவே அந்தத் தாயின் வீட்டுக்கு நீங்களே போய் மன்னிப்புக் கேளுங்கள். போதகரை அனுப்ப வேண்டாம். டியூஷனை மறுபடி தொடங்கினால் கணக்கு, மலாய், ஆங்கிலம், அவ்வளவுதான். டியூஷன் என்று பேர் வைத்து நடத்தினால் கல்வி இலாகாவில் பதிவு செய்ய வேண்டியிருக்கும், அதையும் முறையாகச் செய்துவிடுங்கள். ஞாயிறு பள்ளிக்கு வர விரும்பும் பிள்ளை, அப்பா அம்மா சொல்லி வரட்டும்.

சட்டம் என்றதும் நம் ஆட்கள் ஒன்று மிரண்டுபோவார்கள், இல்லையென்றால் கண்டுகொள்ளவே மாட்டார்கள். 11-ஆவது பிரிவு தன் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதே பிரிவின் 4-ஆவது உட்பிரிவின்படி, முஸ்லிம்களிடையே மற்ற மதக் கருத்துகளைப் பரப்புவதை மாநிலங்கள் கட்டுப்படுத்தலாம். பேராக்கில் அதற்கு 1988-இலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. செம்பனைக் காட்டில் வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பதாக இருந்தால் சாப்பாடு மட்டும் கொடுங்கள். உள்ளே ஒரு துண்டுத் தாள்கூட இருக்கக்கூடாது.

நம் இந்து உறவுகளுக்கு மதமாற்றம் என்றால் உண்மையில் எது பயம்? தத்துவமோ வேதமோ அவர்களைப் பயமுறுத்துவதில்லை. “என் பையன் உங்கள் சர்ச்சுக்குப் போய்விட்டால் எனக்கு யார் கொள்ளி வைப்பது?” இந்த ஒரு கேள்விதான். வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். பெண் பிள்ளையாக இருந்தால் பொட்டும் தாலியும் என்ன ஆகும் என்ற கவலை.

நான் போதகராக வந்த புதிதில் ஒரு சபையில் நடந்தது. மூத்த மகன் ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, தகப்பன் இறந்துபோனார். லோரி ஓட்டியவர், திடீர் மாரடைப்பு. மகன் ஓடி வந்து என்னிடம் கேட்டான். நான் சபை மூப்பர்களைக் கேட்டேன். “கூடாது, வெளியே நிற்கட்டும்” என்றார்கள். நானும் தலையாட்டினேன். அவன் கேட்டுக்கு வெளியே செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். தம்பி, பத்தொன்பது வயதுப் பையன், மொட்டை போட்டுக்கொண்டு சட்டியைத் தூக்கினான். தாய் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அந்தக் குடும்பத்தில் அதற்குப் பிறகு யாரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அந்த லயன் முழுவதும் திரும்பவில்லை என்றே சொல்லலாம். அவனும் இரண்டு வருடத்தில் சபையை விட்டுப் போய்விட்டான்.

இன்றைக்கு அவன் வந்து கேட்டால் என்ன சொல்வேன்? உள்ளே போ, அம்மா பக்கத்தில் உட்கார், பாடையில் ஒரு பக்கத்தைத் தூக்கு, காட்டுச் செலவை நீ ஏற்றுக்கொள் என்பேன். கொள்ளி வைப்பதா வேண்டாமா என்பதில் என் சக போதகர்கள் ஒத்துப்போக மாட்டார்கள். அதை அவன் மனசாட்சியோடு அவனே தீர்க்கட்டும் என்பது என் கட்சி. ஆனால் கேட்டுக்கு வெளியே மட்டும் நிற்க விடமாட்டேன். உங்கள் சபை இந்தக் கேள்விக்கு ஒரு பதிலை வைத்துக்கொள்ள வேண்டும். யாராவது சாகும்வரை காத்திருந்தால் அவசரத்தில் தப்பான பதில்தான் வரும், எனக்கு வந்த மாதிரி.

சாவு வீடு என்றதும் இன்னொன்று. சபையில் எத்தனை பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது? 120 பேர் வந்த சபை என்றால் குறைந்தது நூறாவது இருக்கும். 38 பேர் உட்காருகிறார்கள். மீதி பின்னால் அடுக்கிக் கிடந்து பல்லி முட்டை போடும். தாமானில் ஒரு வீட்டில் ராத்திரி 11 மணிக்குச் சாவு விழுந்தால் முதலில் தேடுவது நாற்காலியும் கூடாரமும் தண்ணீர்க் கொதிகலனும்தான். உங்கள் வாலிபர்கள் நாலு பேர் லோரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, விரித்துப் போட்டு, விடிகிறவரை காப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு வரட்டும். வாடகை வேண்டாம். ஜெபம் செய்யலாமா என்றும் கேட்க வேண்டாம். நாற்காலியின் முதுகில் சபைப் பேர் பெயிண்டில் எழுதியிருக்கும், இல்லையா? அது போதும். அழிக்கவும் வேண்டாம், பெரிதாக்கவும் வேண்டாம்.

அடுத்து உங்கள் கைத்தொழில். 27 வருடம் தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்தவர், மலாய் பாரம் நிரப்புவது உங்களுக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி. உங்கள் ஊரில் புருஷன் வேலையில் இருக்கும்போதே இறந்து, சொக்சோ என்னும் தொழிலாளர் காப்புறுதியில் வாரிசு பென்ஷன் உண்டு என்பதே தெரியாமல் நாசி லெமாக் விற்றுக்கொண்டிருக்கும் விதவைகள் இருப்பார்கள். சேமநிதிக் கணக்கில் வாரிசுப் பேர் எழுதாமல் விட்டவர்கள் இருப்பார்கள். பிறப்புப் பத்திரம் சரியில்லாமல், குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டையோடோ, அதுவும் இல்லாமலோ அலையும் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை காலையில் சபை அஞ்சடித் தாழ்வாரத்தில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். பதிவு இலாகாவுக்கு நாலு தடவை நடக்க வேண்டும் என்றால் நாலு தடவையும் கூடவே போங்கள். உங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தனை நினைத்துப் பாருங்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், பாட்டாளிகளின் காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960-இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, அவர் பேச எடுத்தது பாட்டாளியின் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த கவலையை. ஜனங்கள் தங்கள் கவலையைப் பேசுகிறவர் வாயைத்தான் பார்ப்பார்கள்.

உங்கள் போதகர் இந்த இடத்தில் குறுக்கே வருவார், எனக்குத் தெரியும். “ஐயா, இதெல்லாம் சமூக சேவை. இயேசுவைப் பற்றி எப்போது சொல்வது?” நல்ல கேள்விதான். இரண்டு விதமாகத் தப்பு செய்யலாம். நாற்காலியைத் தூண்டில் ஆக்கினால் ஒரு தப்பு. சபை என்பதையே மறைத்து வேறு ஏதோ சங்கம் மாதிரி நடந்துகொண்டால் அது அதைவிடப் பெரிய தப்பு, ஏமாற்று. பேதுரு தன் முதல் நிருபத்தில், உன் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவனுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிரு என்கிற பொருளில் எழுதினார். கேட்கிறவனுக்கு! ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருவர் உங்களைக் கேட்டால் பூசி மெழுகாமல் சொல்லுங்கள். கேட்காதவருக்கு நாற்காலியைக் கொடுங்கள். குணமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் திரும்பி வந்தான். வராத ஒன்பது பேரின் தோலில் நோயைத் திருப்பிப் போட்டதாக லூக்கா எழுதவில்லை.

திடலில் சுகமளிக்கும் கூட்டம் வேண்டாம். நம் இந்து உறவுகள் சபைக்கு வந்த வழியை விசாரித்துப் பாருங்கள், நோய்க்கு ஜெபம் கேட்டு வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அது உண்மை. ஆனால் அவர்கள் பேனரைப் பார்த்து வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஆஸ்பத்திரி வார்டில் வந்து உட்கார்ந்ததால் வந்தார்கள். கூட்டத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் கை வைத்து ஜெபித்துவிட்டு ராத்திரியே கார் ஏறிவிடுவார். மறுநாள் சர்க்கரை மாத்திரையை நிறுத்திய பாட்டியின் காலில் புண் வந்தால் யார் பொறுப்பு? நீங்கள்தான் டிரெஸ்ஸிங்குக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பேனர் காசை அரசாங்க கிளினிக்குக்கும் ஈப்போ ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களின் கார் எண்ணெய்க்கு வையுங்கள். போதகரின் ஆர்வத்தை அணைத்துவிடாதீர்கள், பாவம், அவரையே டிரைவர் ஆக்குங்கள்.

இனி உங்கள் அண்ணன்.

31 வருடம் கை நனைக்காமல் இருந்திருக்கிறீர்கள். யார் சொன்னது என்று எழுதவில்லை. உங்கள் முதல் போதகராக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம். படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 10-ஆவது அதிகாரத்தை இன்னொரு தடவை நிதானமாகப் படியுங்கள். அவிசுவாசி ஒருவன் விருந்துக்கு அழைத்து, போக மனமிருந்தால், முன்னால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு என்கிறார் பவுல். இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால்தான் நிறுத்தச் சொல்கிறார். பவுல் திறந்து வைத்த வாசலை நாம்தான் இழுத்துச் சாத்தியிருக்கிறோம்.

அதோடு, நம் தமிழ் அண்ணிகள் இந்தச் சிக்கலை வேதபண்டிதர்களுக்கு முன்னாலேயே தீர்த்துவைத்தவர்கள். எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். சாமிக்குப் படைக்கும் முன்பே முறுக்கிலும் அதிரசத்திலும் நெய்யுருண்டையிலும் ஒரு டப்பாவில் எடுத்துத் தனியாக வைத்துவிடுவார்கள், “இது நம்ம வேதக்கார நாத்தனாருக்கு” என்று. உங்கள் அண்ணி 31 வருடமும் அந்த டப்பாவை எடுத்து வைத்தாரா என்று எனக்குத் தெரியாது. வைத்திருந்தால், ஒவ்வொரு வருடமும் ராத்திரியில் அதை யார் தின்றது?

சமாரியப் பெண்ணிடம் இயேசு கிணற்றடியில் என்ன செய்தார்? போதிக்கத் தொடங்குவதற்கு முன்னால் தண்ணீர் கேட்டார். யூதர் சமாரியரோடு கை நனைக்காத காலம் அது. அவருக்குத் தாகம், அவளிடம் குடம். கொடுக்கும் இடத்தில் அவளை வைத்தார், வாங்கும் இடத்தில் தான் நின்றார். நம் சபைகள் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டன. எப்போதும் நாம் கொடுப்போம், அவர்கள் வாங்க வேண்டும். வாங்கத் தெரியாதவர் வீட்டில் யாருக்குத்தான் வாங்கப் பிடிக்கும்?

ஆகவே இந்தத் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் அண்ணனுக்குப் போன் போடுங்கள். சபை சார்பில் வேண்டாம், தங்கையாகப் போடுங்கள். “அண்ணே, தீபாவளிக்கு வரலாமா? அண்ணியை இட்லி கொஞ்சம் கூட ஊற்றச் சொல்லுங்க.” மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் வராது. போனை வைத்துவிடாதீர்கள். போகும்போது வேதாகமம், கைப்பிரதி எதுவும் வேண்டாம். ஒரு டின் மைலோவும் பிள்ளைகளுக்குக் கவரில் பத்துப் பத்து வெள்ளியும் போதும். உட்கார்ந்ததும் குடிக்கத் தண்ணீர் கேளுங்கள். ஒலிபெருக்கியைப் பற்றியோ டியூஷனைப் பற்றியோ அன்றைக்கு வாயே திறக்காதீர்கள். கமிட்டியிடம் மன்னிப்புக் கேட்கப் போவது இன்னொரு நாள், கார்த்திகை போன பிறகு, போதகரையும் கூட்டிக்கொண்டு, கையில் ஒரு பழத்தட்டோடு.

அப்புறம் டிசம்பரில் அண்ணன் குடும்பத்தைக் கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவீர்கள். கட்டாயம் கூப்பிடுங்கள், கமிட்டிக்காரர்களையும் கூப்பிடுங்கள். ஆனால் சபை விருந்தில் யாரோ ஒரு சகோதரர் வருடா வருடம் ஆசையாக மாட்டிறைச்சி ரெண்டாங் கொண்டுவருவார், இல்லையா? அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், இந்த வருடம் கோழி என்று.